பி.பி. பரம்பரைச் சொத்தா, பாஸ்?

ரத்த தானம் பண்ணலாம்னு வீரமா கிளம்பிப் போய், "நீங்க அப்படி ஓரமா உட்காருங்க தம்பி"னு திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் உங்கள்ல யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு பாஸ்!

போன மாசம் எங்க காலேஜ்ல என்.எஸ்.எஸ். கேம்ப். ஹாஸ்டல் பசங்க மொத்தமும் வரிசையில நின்னோம். கையில பட்டையைச் சுத்திக் காத்தடிச்ச நர்ஸ் அக்கா, மீட்டரைப் பார்த்தாங்க. என் முகத்தைப் பார்த்தாங்க. மறுபடியும் அடிச்சாங்க. 152/96. மேல் நம்பர் 140, கீழ் நம்பர் 90 தாண்டினா ரத்தம் எடுக்க மாட்டாங்களாம். "மாடிப்படி ஏறி ஓடி வந்தியா? பத்து நிமிஷம் உட்காரு"ன்னாங்க. உட்கார்ந்தேன். 150/94. வயசு இருபது, எடை 62 கிலோ, தம், தண்ணி எதுவும் கிடையாது... நம்புங்க! ரூம்மேட் ஒவ்வொருத்தனும் ஜூஸும் பிஸ்கட்டுமா வெளியே வர்றான். நான் மட்டும் வெறுங்கையோட.

ராத்திரி போன்ல அப்பாகிட்ட சொன்னேன். பதறுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் நிதானமா, "நம்ம வம்சத்துக்கே இருக்கறதுதான்டா. தாத்தாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு. உனக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துருச்சு, அவ்வளவுதான்"னார்.

தாத்தா 54 வயசுல பக்கவாதம் வந்து படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. அப்பாவுக்கு 41 வயசுல மாத்திரை ஆரம்பிச்சாங்க. அந்தக் கணக்குப்படி எனக்கு 20. சீரியல் நம்பர் மாதிரி 'அவ்வளவுதான்'!

அடுத்து அம்மா போனை வாங்கி, சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்து போய் மெதுவா சொன்னாங்க: "உங்கப்பா மாத்திரையை ஒழுங்கா போடறதே இல்லைப்பா. கேட்டா, எழுதினது எழுதினபடி நடக்கும்னு வியாக்கியானம் பேசறார்."

எனக்கு நிஜமாவே பயம் வந்தது அங்கேதான். என் 152ஐவிட, அப்பாவோட இந்த வியாக்கியானம்தான் டேஞ்சர்னு தோணுச்சு. சரி, ஜீன்ல இருக்குன்னா உண்மையிலேயே 'அவ்வளவுதானா'? மெக்கானிக்கல் படிக்கிற பயலுக்கு பயாலஜி எதுக்குன்னு கேட்காதீங்க. பி.பி.ங்கறதே பம்ப், பைப், பிரஷர்தானே... எங்க சிலபஸ்தான்!

தேடிப் படிச்சதுல ஒரு மேட்டர் சிக்கிச்சு. நடந்த இடம் வட அயர்லாந்து. கோல்ரெய்ன்னு கடலோரம் பக்கத்துல ஒரு சின்ன ஊர், அங்கே அல்ஸ்டர் பல்கலைக்கழகம். ஹெலன் மெக்னல்டி, மேரி வார்டு, ஜே.ஜே.ஸ்ட்ரெய்ன்னு ஒரு குரூப் பல வருஷமா ஒரே ஒரு ஜீனையும் ஒரே ஒரு வைட்டமினையும் விடாம துரத்திக்கிட்டு இருக்காங்க.

அந்த வைட்டமின் நமக்கு ரொம்ப நாள் ஃப்ரெண்டுதான். மெஸ் சாப்பாடு சாப்பிட்டு வாய் ஓரம் வெடிச்சா டாக்டர் எழுதித் தருவாரே பி காம்ப்ளெக்ஸ்... அதைப் போட்ட மறுநாள் காலையில பாத்ரூம்ல பளீர் மஞ்சளைப் பார்த்து, மஞ்சள் காமாலைனு அலறினது ஞாபகம் இருக்கா? அந்த மஞ்சள்தான் ரைபோஃப்ளேவின். வைட்டமின் பி2. பாலுக்கு அடியில இருக்கிற பச்சை கலந்த மஞ்சளா இதை 1870கள்லயே ஒரு ஆங்கிலேய வேதியியலாளர் பார்த்துட்டார். பால், தயிர், முட்டை, ஈரல், கீரை, காளான்ல எல்லாம் இருக்கு. உடம்பு இதைப் பெரிசா சேர்த்து வைக்காது. தேவைக்கு மேல வந்தா, மேலே சொன்ன ரூட்ல வெளியே தள்ளிடும். வெயில் பட்டா இதுவே சிதைஞ்சு போயிடும்ங்கறது தனிச் சோகம்.

இனி ஜீன். பேரைச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கும்... எம்.டி.ஹெச்.எஃப்.ஆர்.! முதலாம் குரோமோசோம்ல உட்கார்ந்திருக்கு. ஃபோலேட்ங்கற இன்னொரு பி வைட்டமினை உடம்பு பயன்படுத்தற ரூபத்துக்கு மாத்தற ஒரு என்ஸைமுக்கு இதுதான் வரைபடம். அந்த என்ஸைம் ஓடணும்னா, பி2வுல இருந்து உடம்பு தயாரிக்கிற எஃப்.ஏ.டி.ங்கற துணைப் பொருள் அதுக்குள்ள போய் உட்காரணும்.

1995ல கனடாவோட மான்ட்ரியல்ல ரீமா ரோஸனும் அவங்க சகாக்களும் இந்த ஜீன்ல ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடிச்சாங்க. 677வது இடத்துல 'சி' இருக்க வேண்டிய இடத்துல சிலருக்கு 'டி' இருக்கு. அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு எந்த ஜீனும் நமக்கு ரெண்டு காப்பி வரும் இல்லையா? ரெண்டுலயும் சரியான எழுத்துன்னா சி.சி., ஒண்ணுல மட்டும் பிழைன்னா சி.டி., ரெண்டுலயும் பிழைன்னா டி.டி. இந்த டி.டி. ஆட்களோட என்ஸைம் கொஞ்சம் சோம்பேறி.

ஏன் சோம்பேறி? 1999ல அமெரிக்காவோட மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஒரு பாக்டீரியாவோட இதே என்ஸைமை வச்சு இதை ஆராய்ஞ்சாங்க. அந்தப் பிழையால எஃப்.ஏ.டி. சீட்டை விட்டு சுலபமா நழுவிடுதாம்.

நம்ம டவுன் பஸ்ஸையே எடுத்துக்கோங்க. ஒரு சீட்டுல ஸ்பிரிங் உடைஞ்சு குத்துது. உட்கார்ற ஆள் ரெண்டே ஸ்டாப்ல எழுந்துடறார். பஸ்ல கூட்டம் இல்லைன்னா அந்த சீட் காலியாவே கிடக்கும். ஆனா காலை எட்டரை மணிக் கூட்டத்துல? ஒருத்தர் எழுந்த நொடியில இன்னொருத்தர் பொத்துனு உட்கார்ந்துடுவார். சீட் உடைஞ்சதுதான், ஆனா ஒரு நிமிஷம்கூட காலியா இருக்காது! டி.டி. ஆட்களோட என்ஸைம்தான் அந்த சீட். பி2 தாராளமா இருந்தா கூட்டம் நிக்குது. பி2 குறைஞ்சா சீட் காலி. மத்தவங்க சீட்டெல்லாம் நல்ல சீட், அதனால கூட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இதுல பி.பி. எங்கே வந்துச்சு? கோல்ரெய்ன் குரூப் முதல்ல பி.பி.யைத் தேடிப் போகலை. ஹோமோசிஸ்டீன்னு ரத்தத்துல ஒரு பொருள். இந்த என்ஸைம் சொதப்பினா அது ஏறும். பி2 கொடுத்தா இறங்குதான்னு பார்த்தாங்க. இறங்குச்சு, டி.டி. ஆட்களுக்கு மட்டும். 2006ல இது வெளியாச்சு. அப்புறம் இளவயசுலயே இதய நோய் வந்த நோயாளிகளோட பி.பி.யைப் பார்த்தவங்களுக்கு ஆச்சரியம். 2010ல வந்த கட்டுரையில அந்த நம்பர்கள் இருக்கு. தினம் 1.6 மில்லிகிராம் பி2, பதினாறு வாரம். ஒரு பகுதி ஆட்களுக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. பி2 சாப்பிட்ட டி.டி. ஆட்களுக்கு சராசரி 144/87ல இருந்து 131/80க்கு வந்துச்சு. மேல் நம்பர்ல 13 புள்ளி! அதே மாத்திரையைச் சாப்பிட்ட சி.சி., சி.டி. ஆட்களுக்கு... ஒண்ணும் இல்லை. நம்ம பாத்ரூம் கதைதான்.

1.6 மில்லிகிராம்ங்கறது மருந்து டோஸ் கூட இல்லை பாஸ். ஏறக்குறைய ஒரு லிட்டர் பால்ல இருக்கிற அளவு. அதே கட்டுரையில எனக்கு உறைச்ச இன்னொரு விஷயம் இருக்கு. ஆரம்பத்துலயே அந்த நோயாளிகள் பலரும் பி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா மேல் நம்பரை 140க்குள்ள கொண்டு வந்தவங்க சி.சி.யில 64 சதவிகிதம், சி.டி.யில 59, டி.டி.யில வெறும் 37. ஒரே மாதிரி வைத்தியம், ஆனா ஒரு கோஷ்டிக்கு மட்டும் அவ்வளவா கேட்கலை. "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"னு டாக்டர்கிட்ட திட்டு வாங்கின டி.டி. எத்தனை பேரோ, பாவம்.

நாலு வருஷம் கழிச்சு அந்த டி.டி. ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு, முன்னாடி டம்மி வாங்கினவங்களுக்கு நிஜமும், நிஜம் வாங்கினவங்களுக்கு டம்மியும் மாத்திக் கொடுத்தாங்க. அதுக்குள்ள அவங்க டாக்டர்கள் பி.பி. மருந்துகளை நிறையவே மாத்தியிருந்தாங்க. அப்பவும் பி2 கொடுத்ததும் மேல் நம்பர் சராசரியா 9 இறங்குச்சு. 2012ல பிரசுரமாச்சு. 2013ல இதய நோய் இல்லாத, பி.பி. மட்டும் இருக்கிற டி.டி. ஆட்கள்கிட்ட பார்த்தப்போ 5.6 இறங்குச்சு. 13, 9, 5.6னு நம்பர் குறைஞ்சுக்கிட்டே போறதை நீங்களும் கவனிச்சிருப்பீங்க. முதல் ரிசல்ட் அமோகமா வர்றதும், பின்னாடி வர்றதெல்லாம் அடக்கமா வர்றதும் எங்க லேப்லயும் நடக்கும். இருந்தாலும் 5 லேசு இல்லை. பல மருந்து ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2021ல போட்ட கணக்குப்படி, மேல் நம்பர் 5 குறைஞ்சா மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய ஆபத்துகள் சுமார் 10 சதவிகிதம் குறையுது.

ரத்தக் குழாயைத் தளர்த்தி விடற நைட்ரிக் ஆக்ஸைடை இந்த என்ஸைம் மறைமுகமா காப்பாத்துதுங்கறது அவங்க சொல்ற விளக்கம். இன்னும் முழுசா நிரூபிக்கலை. ஆனா சாட்சி இன்னொரு பக்கத்துல இருந்தும் வந்துச்சு. 2009ல பல நாட்டு விஞ்ஞானிகள் ஆயிரக்கணக்கான பேரோட ஜீன்களை மொத்தமா அலசி, பி.பி.யோட சம்பந்தப்பட்ட இடங்களைத் தேடினப்போ, அகப்பட்ட எட்டு இடங்கள்ல ஒண்ணு எம்.டி.ஹெச்.எஃப்.ஆர். இருக்கிற பகுதி!

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கணக்குதான். அயர்லாந்துல பத்துல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல டி.டி. இப்போ ஜீனே பார்க்காம நூறு பேருக்கு பி2 கொடுத்து டெஸ்ட் பண்றோம்னு வைங்க. பத்து பேருக்கு 13 இறங்கும், தொண்ணூறு பேருக்கு அப்படியே இருக்கும். சராசரி? 1.3. பட்டையைக் கொஞ்சம் லூஸா கட்டினாலே அதைவிட அதிகமா மாறும்! 'பி2வுக்கும் பி.பி.க்கும் சம்பந்தம் இல்லை'னு எழுதி ஃபைலை மூடியிருப்பாங்க. பத்து அரியர் பசங்க மட்டும் ஸ்பெஷல் கிளாஸ்ல தலைக்கு 13 மார்க் ஏத்தினதைக் கவனிக்காம, கிளாஸ் ஆவரேஜைப் பார்த்துட்டு ஸ்பெஷல் கிளாஸ் வேஸ்ட்டுன்னு ஹெச்.ஓ.டி. நிறுத்தற கதைதான்.

அதுக்காக எல்லா வைட்டமினுக்கும் இந்தக் கதையைப் பொருத்திடாதீங்க. வைட்டமின் டி குறைஞ்சவங்களுக்கு பி.பி. அதிகமா இருக்கறதா பல ஆய்வுகள் சொல்லுச்சு. ஆனா மாத்திரையா கொடுத்துப் பார்த்த 46 ஆராய்ச்சிகளை 2015ல ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க. பி.பி. அசையலை. வெயில்ல நடக்கிற ஆளுக்கு வைட்டமின் டியும் இருக்கும், உடம்பும் நல்லா இருக்கும். எது எதுக்குக் காரணம்னு குறைவான வைட்டமினை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பி2 விஷயத்துல டம்மி மாத்திரை வச்சு, ஜீனைப் பிரிச்சு, திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க. அதனாலதான் நான் கொஞ்சம் நம்பறேன்.

2020ல வந்ததுதான் எனக்குப் போட்ட சூடு. அயர்லாந்துல 18 வயசுல இருந்து 102 வயசு வரைக்கும் சுமார் ஆறாயிரம் பேர். டி.டி.யா இருந்தா உயர் ரத்த அழுத்தத்துக்கான வாய்ப்பு 42 சதவிகிதம் அதிகம். டி.டி.யும் இருந்து பி2வும் பற்றாக்குறையா இருந்தா, சி.சி.யா இருந்து பி2 சரியா இருக்கிறவங்களோட ஒப்பிடும்போது மூணு மடங்கு! வித்தியாசம் அறுபது வயசுல ஆரம்பிக்கலை. நம்ம வயசுலயே ஆரம்பிக்குது. பாலும் வெண்ணெயுமா சாப்பிடற ஊர்ல பாதிக்கும் மேல பி2 குறைவா இருந்தவங்கங்கறது கூடுதல் அதிர்ச்சி.

அன்னிக்கு ராத்திரியே அப்பாவுக்கு போன் போட்டு, பஸ் சீட் கதை வரைக்கும் மூச்சு விடாம சொன்னேன். பொறுமையா கேட்டார். கேட்டுட்டு, நான் பயந்த கேள்வியையே கேட்டார்: "அப்ப அந்த பி.பி. மாத்திரைக்குப் பதிலா நான் பி காம்ப்ளெக்ஸ் போட்டுக்கட்டுமா?"

போச்சுடா! ஒரு அரை மணி நேரம் ரிவர்ஸ் கியர்.

அப்பாகிட்ட சொன்னதையே உங்ககிட்டயும் சொல்றேன். ஒண்ணு, அந்த நோயாளிகள் பி.பி. மருந்தை நிறுத்திட்டு வைட்டமின் சாப்பிடலை. மருந்தோட சேர்த்துத்தான் சாப்பிட்டாங்க. அடுத்தது, இந்தியாவுல டி.டி. ஆட்கள் அயர்லாந்தைவிட ரொம்பக் குறைவு. மெக்ஸிகோவுல மூணுல ஒருத்தர், நம்ம பக்கம் அப்படி இல்லை. எங்க வீட்டு பி.பி.க்கு இந்த ஒரு எழுத்துதான் காரணம்னு பந்தயம் கட்டினா நான் தோக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2018ல பத்து லட்சம் பேருக்கு மேல ஆராய்ஞ்சப்போ, பி.பி.யோட சம்பந்தப்பட்ட இடங்கள் ஜீன்கள்ல 901னு கணக்கு வந்துச்சு. ஒவ்வொண்ணும் துளித்துளியா தள்ளுது. அதுல பெரும்பாலானதுக்கு பி2 மாதிரி ஒரு துணை இருக்கான்னு யாருக்கும் தெரியாது. ஒண்ணுக்கு இருக்குன்னு கண்டுபிடிக்கவே இவ்வளவு வருஷம் ஆயிருக்கு.

"அப்ப எதுக்குடா இவ்வளவு நேரம் பேசின?"னார் அப்பா. நியாயமான கேள்வி.

"எழுதினது எழுதினபடி நடக்கும்னு சொன்னீங்கல்லப்பா? அந்த ஊர்ல எழுதினது அப்படியேதான் இருந்துச்சு. ஒரு எழுத்துகூட மாறலை. பி.பி. மட்டும் 13 இறங்குச்சு"ன்னேன்.

பதில் வரலை. நான் விடலை. "வம்சத்துல நமக்கு வந்தது ஜீன் மட்டுமாப்பா? ஆச்சியோட ஊறுகாய் ஜாடி, அப்பளம், மோர் மிளகாய் எல்லாமும்தானே வந்துச்சு?" உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழேதான் உப்புங்குது. நம்ம நாட்டுல அதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு சாப்பிடறோம். தாத்தா, அப்பா, நான் மூணு பேரும் ஒரே ஜீன்ல மட்டும் இல்லை, ஒரே சட்டியிலயும் சாப்பிட்டவங்க. எது எவ்வளவுன்னு பிரிக்கவே முடியாது. இதுக்கு மட்டும் அப்பா சிரிச்சார். அம்மா பக்கத்துல இருந்து, "ஊறுகாயை ஏன்டா இழுக்கற?"ன்னாங்க.

என் கதை? ஒரே ஒரு தடவை அளந்ததை வச்சு யாருக்கும் பி.பி. முத்திரை குத்தக் கூடாதாம். கேம்பஸ் டாக்டர் வேற வேற நாள்ல அளக்கச் சொன்னார். டீ, காபி குடிச்சு அரை மணி நேரம் கழிச்சு, அஞ்சு நிமிஷம் பேசாம உட்கார்ந்து, முதுகைச் சாய்ச்சு, கையை நெஞ்சு உயரத்துல வச்சு அளக்கணும். கேம்ப் அன்னிக்கு நான் வரிசையில நின்னு ரூம்மேட்டோட சண்டை போட்டுட்டு உட்கார்ந்தவன். மூணு வாரத்துல அஞ்சு ரீடிங் எடுத்தேன். 144, 138, 141, 136, 139. நல்ல பேர் வாங்கற நம்பர் இல்லை, கேம்ப் நம்பரும் இல்லை. மெஸ்ல ஊறுகாயை நிறுத்தியாச்சு, ராத்திரி ஒரு டம்ளர் பால் சேர்த்தாச்சு. பால் எனக்கு பி.பி.யைக் குறைக்கும்னு நம்பி இல்லை. வாய் ஓரம் வெடிக்காம இருந்தாப் போதும். ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்கார்.

இந்த வாரக் கடைசி ஊருக்குப் போயிருந்தேன். அப்பா தூங்கினதும் அலமாரியில அவர் மாத்திரை ஸ்ட்ரிப்பை எடுத்துப் பார்த்தேன். வாங்கின தேதியில இருந்து எண்ணினா, போன வாரம் வரைக்கும் ஒண்ணுகூட விடலை. இந்த வாரம் வியாழக்கிழமை மட்டும் ஒண்ணு மிச்சம். காலையில காபி கொடுக்கும்போது வியாழக்கிழமை என்னப்பா ஆச்சுன்னு கேட்டேன்.

"கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன்டா, மறந்துட்டேன்"னார். கொஞ்சம் கோபமா, கொஞ்சம் வெட்கமா.